மூன்றாவது கியர் திரும்பத் திரும்பக் கழன்றால் முதலில் பெட்டிக்கு வெளியே பாருங்கள்

கேட்டவர் சேந்தமங்கலத்துக்காரர். 2007 மாடல் பிக்கப் வைத்திருக்கிறார். கொல்லிமலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கும் அன்னாசியும் பலாவும் ஏற்றிக் கீழே கொண்டுவருகிற வண்டி. லோடோடு இறக்கத்தில் வரும்போது மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை கியர் பாக்ஸைப் பிரித்தாயிற்று. முதல் முறை சிங்க்ரோ ரிங் போட்டார்கள், ஐந்தாறு மாதம் நன்றாக ஓடி மறுபடி கழன்றது. இரண்டாம் முறை மூன்றாவது கியரையே புதிதாகப் போட்டார்கள், அதுவும் ஆறு மாதம்தான். இப்போது நாலாவது கியரும் எப்போதாவது கழல ஆரம்பித்திருக்கிறது. மூன்றாம் முறை பிரிப்பதா, பழைய பெட்டி ஒன்றை வாங்கி மாட்டுவதா, வண்டியையே கொடுத்துவிடுவதா என்பது அவருடைய கேள்வி.

மூன்றில் எதையும் இந்த வாரம் செய்யாதீர்கள். நீங்கள் எழுதியதில் ஒரு வரியை நான் மூன்று முறை படித்தேன். "கிளட்ச் பிளேட் மாற்றி நாலைந்து மாதம் கழித்துத்தான் இது ஆரம்பித்தது" என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என் கணக்கில் உங்கள் பிரச்சினையின் வேர் அந்த வரியில் இருக்கிறது. கியர் பெட்டிக்குள் தேய்ந்ததெல்லாம் விளைவு. காரணம் பெரும்பாலும் பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிறது, அதை இரண்டு முறையும் யாரும் தொடவில்லை.

அதற்கு முன்னால், வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால், ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. லோடோடு அதில் இறங்கும்போது உங்களைப் பிடித்து நிறுத்துவதில் பாதி வேலை இன்ஜினுடையது. கியர் கழன்ற அந்த நொடியில் முழு எடையும் பிரேக் மேல் விழுகிறது. லைனர் சூடாகி வாசனை வர ஆரம்பித்தால் மிதி எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறையும். அதனால் சரி செய்கிற வரை மூன்றாவதில் இறங்காதீர்கள், முழு இறக்கமும் இரண்டாவதிலேயே வாருங்கள், லோடைப் பாதியாகக் குறையுங்கள். கியர் கழன்றுவிட்டால் பதறி லீவரை இடிக்க வேண்டாம். பிரேக்கில் வேகத்தைக் குறைத்து, கிளட்ச் மிதித்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து இன்ஜின் சுற்றை ஏற்றி, இரண்டாவதில் போடுங்கள். என்ன ஆனாலும் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடாதீர்கள். இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் கிடைக்காது, ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி லீவரில் மாட்டி, சீட்டுக்கு அடியில் இழுத்துக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்கிறீர்களா என்று எழுதவில்லை. செய்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். ஏன் என்று கீழே புரியும்.

ஒரு கியர் எப்படிக் கழலாமல் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பட்டறையில் யாரும் உங்களைச் சுற்றிவிட முடியாது. இந்த மாதிரிப் பெட்டியில் எல்லாக் கியரும் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடிதான் சுற்றிக்கொண்டிருக்கும். லீவரைத் தள்ளும்போது நகர்வது கியர் இல்லை, ஒரு வளையம். அதைத்தான் ஸ்லீவ் என்கிறோம். ஸ்லீவின் உள்பக்கம் பல் இருக்கும். அது நகர்ந்து போய் கியரின் பக்கவாட்டில் இருக்கிற சின்னச் சின்ன டாக் பற்களின் மேல் ஏறிக் கோத்துக்கொள்ளும். அவ்வளவுதான், கியர் விழுந்தது என்று அர்த்தம்.

அந்த டாக் பல்லைக் கையில் எடுத்து, டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். நேராக இருக்காது. முனை அகலமாகவும் அடி கொஞ்சம் குறுகலாகவும் கடைந்திருப்பார்கள், புறா வால் போல. ஸ்லீவின் பல்லும் அதற்கு ஏற்ற சரிவில் இருக்கும். இன்ஜின் இழுக்கும்போது இந்தச் சரிவு காரணமாக ஸ்லீவ் உள்பக்கமாகவே இழுபடும். பாரம் கூடக் கூடப் பிடி இறுகும். கியரை நிறுத்தி வைக்கிற உண்மையான பிடி இதுதான். மேலே கியர் மாற்றுகிற ராடில் இருக்கிற பால் என்கிற இரும்புக் குண்டும் ஸ்பிரிங்கும் ஸ்லீவுக்கு இடம் காட்டுகிற காவல்காரன் மாதிரி, பாரத்தைத் தாங்குகிற வேலை அவற்றுக்கு இல்லை. சிங்க்ரோ ரிங்கோ இதில் சம்பந்தமே படாதது. கியர் விழுகிற நேரத்தில் இரண்டு பக்கத்தின் வேகத்தையும் சமப்படுத்துவதோடு அதன் வேலை முடிந்தது. கியர் போடும்போது கறகற என்று அரைத்தால் ரிங்கைச் சந்தேகப்படலாம். போட்ட கியர் நிற்கவில்லை என்றால் ரிங் மாற்றுவதில் பயனில்லை. உங்கள் முதல் ரிப்பேர் இப்படித்தான் வீணானது. பிரித்து மாட்டியதில் எல்லாம் கொஞ்சம் இறுகி நின்றதால் சில மாதம் தாங்கியிருக்கிறது.

இப்போது அந்தப் புறா வாலின் கூர்மை தேய்ந்து உருண்டுவிட்டால் என்ன ஆகும்? சரிவு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். முன்பு பாரம் ஸ்லீவை உள்ளே இழுத்தது, இப்போது அதே பாரம் வெளியே தள்ளும். இங்கேதான் உங்கள் மலை வருகிறது. ஏறும்போது இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது, டாக் பல்லின் ஒரு கன்னம் வேலை செய்கிறது. இறங்கும்போது சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது, மறு கன்னம் வேலை செய்கிறது. நீங்கள் காலியாக ஏறி லோடோடு இறங்குகிற ஆள். தரையில் ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலும் சும்மா கிடக்கிற அந்த மறு கன்னம்தான் உங்கள் வண்டியில் முழு எடையையும் வாங்குகிறது. அதனால்தான் ஏற்றத்தில் கழலவில்லை, ராசிபுரம் ரோட்டில் கழலவில்லை, இறக்கத்தில் மட்டும் கழல்கிறது.

இது தேய்மானத்தின் கணக்கு. ஆனால் புதிய கியர் போட்டும் ஆறு மாதத்தில் உருண்டுவிட்டது என்றால் தேய்மானம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஏதோ ஒன்று ஸ்லீவை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முடி அளவு ஆட்டிக்கொண்டே இருக்கிறது. முழுதாகக் கோத்து நிற்காமல் பாதிப் பல்லில் நின்றால், அந்தப் பாதிப் பல்லின் முனை சீக்கிரம் உருளும். மூன்றாவதும் நாலாவதும் சேர்ந்து பாதிக்கப்படுவதும் எனக்கு ஒன்றைச் சொல்கிறது. இந்த வகைப் பெட்டியில் அந்த இரண்டு கியருக்கும் ஒரே ஸ்லீவ், அதை உள்ளிருந்து தாங்குகிற ஒரே ஹப். அது பெட்டியின் முன்பக்கம், இன்ஜின் சுற்றைப் பெட்டிக்குள் கொண்டுவருகிற இன்புட் ஷாஃப்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முன்பக்கம் எங்கேயோ கோணல்.

கிளட்ச் மாற்றும்போது கியர் பாக்ஸை இன்ஜினிலிருந்து பிரித்து இறக்குகிறார்கள். திரும்ப ஏற்றும்போது கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங் இன்ஜின் பிளாக்கில் சரியான இடத்தில் உட்கார வேண்டும். அந்த இடத்தைத் தீர்மானிப்பது போல்ட் என்று பல பேர் நினைக்கிறார்கள். போல்ட் ஓட்டை எப்போதும் போல்டைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் மாட்டவே முடியாது. இடத்தைத் தீர்மானிப்பவை இரண்டு டவல் பின்கள். சில வண்டிகளில் கெட்டியான பின், சிலவற்றில் போல்டைச் சுற்றி உட்காருகிற குழாய் மாதிரி இருக்கும். பெட்டியை இறக்கும்போது அது கழன்று தரையில் விழும், அல்லது இன்ஜின் மாற்றியிருந்தால் பழைய பிளாக்கிலேயே தங்கிவிடும். துருப்பிடித்து இறுகியிருந்தால் அடித்து எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவார்கள். மாட்டும்போது அது இல்லாமலும் போல்ட் எல்லாம் இறுகும், வண்டி ஓடும், கிளட்ச் பிடிக்கும். யாருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் பெட்டி தன் எடைக்கு ஓட்டையில் இருக்கிற இடைவெளி அளவு கீழே தொங்கியபடி இறுகியிருக்கும். கால் மில்லிமீட்டர் விலகினாலும் போதும். இன்புட் ஷாஃப்டின் மூக்கு கிராங்க் ஷாஃப்டின் நடுவில் இருக்கிற பைலட் பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது, பின்பக்கம் பெட்டியின் முன் பேரிங்கில். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை அந்த ஷாஃப்டை வளைத்து வளைத்து விடுகிற மாதிரி. 3,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50 முறை. முதலில் பைலட் பேரிங் போகும், அப்புறம் இன்புட் பேரிங்கில் ஆட்டம் வரும். சக்கரத்தின் பக்கம் போகிற மெயின் ஷாஃப்டின் முன் முனை இன்புட் ஷாஃப்டின் வாலுக்குள் ஊசி ரோலர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதால் அதுவும் சேர்ந்து ஆடும். அதன் மேல் இருக்கிற மூன்று–நாலு ஸ்லீவ் நேராக உட்கார வழியே இல்லை. நாலைந்து மாதத்தில் பல் உருள ஆரம்பித்துவிடும். நீங்கள் சொன்ன கால அளவும் இதுதான்.

இதை நான் கற்றுக்கொண்டது தண்ணீர் டேங்க் ஏற்றி ஓடிய ஒரு பிக்கப்பில். அதே மாதிரி நாலாவது கியர். இரண்டு முறை நானே பிரித்துச் சாமான் போட்டுக் கொடுத்தேன், இரண்டு முறையும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை பெட்டியை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, அதைப் பிரிக்காமல் வண்டிக்கு அடியில் படுத்தபடி இன்ஜின் பக்கத்து முகத்தைத் துணியால் துடைத்தேன். இடது பக்க டவல் ஓட்டை காலியாக இருந்தது, உள்ளே காய்ந்த மண். பக்கத்தில் ஒரு போல்ட் ஓட்டையைச் சுற்றிப் பிறை வடிவில் பளபளவென்று தேய்ந்திருந்தது. பெட்டி இறுகி இருந்தும் இன்ஜின் மேல் நகர்ந்து நகர்ந்து உரசிய தடம் அது. இரண்டு டவல் பின் போட்டு, பைலட் பேரிங், இன்புட் பேரிங், ஸ்லீவ் செட் மாற்றிக் கொடுத்தேன். அந்த வண்டி அதற்குப் பிறகு கியருக்காக என்னிடம் வரவில்லை. முதல் இரண்டு முறை வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பெட்டியை இறக்கியதும் நேராக மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பிரிப்பது எல்லோருக்கும் பழக்கம். அது இறங்கி வந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் குறைவு.

டவல் பின்தான் என்று இங்கிருந்தே சத்தியம் செய்ய மாட்டேன். இறக்குவதற்கு முன்னால் வீட்டு வாசலில் நீங்களே பார்க்கக்கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன. அரை நாள் போதும்.

முதலில் மவுண்டிங். இன்ஜினைத் தாங்குகிற இரண்டு ரப்பர், பெட்டியின் வால் பக்கம் கிராஸ் மெம்பரில் ஒன்று. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கடப்பாரையைக் கொடுத்து மெதுவாக நெம்பிப் பாருங்கள். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து வாய் பிளந்தால் மாற்ற வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்ததும் இன்ஜினும் பெட்டியும் எதிர்ப்பக்கம் சாயும். லீவர் கேபினில் எங்காவது தட்டினால் அந்தச் சாய்வே கியரைப் பிடுங்கிவிடும். லீவர் தட்டுகிறதா என்றும் பாருங்கள். தடிமனான ரப்பர் மேட் விரித்திருந்தால், புது கியர் பூட் போட்டிருந்தால், லீவர் முழுத் தூரம் போகாமல் அரைக் கியரிலேயே நிற்கும். மேட்டை எடுத்துவிட்டு, பூட்டைத் தூக்கிவிட்டு மூன்றாவதில் போட்டுப் பாருங்கள். முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போனால் அதுவும் ஒரு காரணம். கேபிளோ ராடோ வைத்து கியர் மாற்றுகிற வண்டி என்றால் அதன் புஷ், அட்ஜஸ்ட்மென்ட் இரண்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது கிளட்ச் முழுதாக விடுபடுகிறதா என்பது. ஐடிலில் கிளட்சை அடிவரை மிதித்து, பத்து நொடி காத்திருந்து, ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான பழைய பெட்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது. அப்படியும் அரைத்தால் கிளட்ச் இழுக்கிறது. மாஸ்டர் சிலிண்டரோ, கேபிளோ, வளைந்துபோன பிளேட்டோ, இறுகிப்போன பைலட் பேரிங்கோ காரணமாக இருக்கலாம். கிளட்ச் இழுக்கிற வண்டியில் ஒவ்வொரு கியர் மாற்றமும் ரிங்கையும் டாக் பல்லையும் தின்னும்.

அப்புறம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓட, நியூட்ரலில், கிளட்ச் மிதிக்காமல் ஒரு இரைச்சல் இருந்து, கிளட்ச் மிதித்ததும் நின்றால் இன்புட் பேரிங் அல்லது லே ஷாஃப்ட் (பெட்டிக்குள் இணையாக ஓடுகிற துணை ஷாஃப்ட்) பேரிங். மிதிக்கும்போதுதான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங் அல்லது பைலட் பேரிங். ஓடும்போது எல்லாக் கியரிலும் இரைந்து நாலாவதில் மட்டும் அடங்கினால் லே ஷாஃப்ட் பேரிங்கைப் பாருங்கள். இந்தப் பெட்டிகளில் நாலாவது நேர் கியர், பாரம் லே ஷாஃப்ட் வழியாகப் போகாது.

கடைசியாக ஆயில். வண்டி சூடாக இருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி, சுத்தமான வெள்ளைத் தட்டில் வடித்துப் பாருங்கள். வடிகால் போல்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தால் வழக்கமான தேய்மானம். ஆயிலில் பொன் தூள் மின்னினால் சிங்க்ரோ ரிங் போகிறது. விரலில் குத்துகிற மாதிரி எஃகுச் செதில் வந்தால் பேரிங்கோ பல்லோ உடைகிறது, அதற்கு மேல் ஓட்டாதீர்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெட்டியின் மேலே இருக்கிற சின்ன பிரீதர் மூக்கை ஒரு ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். சேறு அடைத்துக்கொண்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். சீல் மாற்றி மாற்றியும் வால் பக்கம் ஒழுகுகிறது என்று வருகிற வண்டிகளில் இந்த மூக்கை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஆயில் என்று வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. கடையில் போய் "90 ஆயில்" என்று மட்டும் கேட்காதீர்கள். 90 என்பது கெட்டித்தன்மை. அதற்குள் ஜிஎல்-4 என்றும் ஜிஎல்-5 என்றும் இரண்டு தரம் உண்டு. ஜிஎல்-5 பின் ஹவுசிங்கில் இருக்கிற கிரவுன் பினியனுக்காகச் செய்தது. கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த மருந்து அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். பித்தளை சிங்க்ரோ ரிங் இருக்கிற பெட்டியில் அதை ஊற்றினால் சில ஆயில்கள் பித்தளையை அரிக்கும், ரிங் பிடிக்காமல் வழுக்கவும் செய்யும். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதே தரம், அதே கிரேடு. இரைச்சல் அடங்குவதற்காக 140 ஊற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சத்தம் அடங்கும், நோய் அடங்காது. காலையில் மலைமேல் குளிரில் கியர் விழ மறுக்கும். அளவு பார்ப்பது எளிது. பெரும்பாலான பெட்டிகளில் பக்கவாட்டு ஓட்டையில் சுண்டு விரல் விட்டால் விளிம்பிலேயே ஆயில் தட்ட வேண்டும்.

இதெல்லாம் பார்த்துவிட்டு எப்படியும் பெட்டியை இறக்கத்தான் வேண்டியிருக்கும், டாக் பல் ஏற்கெனவே உருண்டிருக்கிறது. ஆனால் இந்த முறை நீங்கள் கூட நில்லுங்கள். இறக்கிய உடனே, பிரிப்பதற்கு முன்பு, இரண்டு டவலும் இருக்கிறதா, ஓட்டை நீள்வட்டமாகப் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை பெரிதாகிவிட்டிருந்தால் லேத் பட்டறையில் ரீமர் விட்டு ஓட்டையை வட்டமாகச் சீராக்கி, அந்த அளவுக்குப் பெரிய டவல் கடைந்து போடலாம். இரண்டு முகத்திலும் பெயின்ட், பிசிறு, மாட்டிக்கொண்ட ஒயர், மடங்கிய தகடு எதுவும் இருக்கக்கூடாது. பெல் ஹவுசிங் தனியாகக் கழல்கிற வகை என்றால் அதை மட்டும் இன்ஜினில் மாட்டி, ஃபிளைவீலில் டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளில் காட்டுகிற கருவி) நிறுத்தி, கையால் சுற்றி, நடு ஓட்டை எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். டயல் கேஜ் இல்லாத பட்டறை என்றால் லேத் பட்டறையில் இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு வாங்கி வரலாம். இந்த ஒரு அளவுக்காக நான் சண்டையே போடுவேன். பைலட் பேரிங்கைப் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னாலும் மாற்றிவிடுங்கள். மொத்தச் செலவில் அதன் விலை தெரியவே தெரியாது.

பெட்டியைப் பிரித்தால் மூன்றாவது கியர், நாலாவது டாக் பல் இருக்கிற இன்புட் ஷாஃப்ட், ஸ்லீவ், ஹப், ரிங், ஸ்லீவைத் தள்ளுகிற கவை மாதிரியான ஃபோர்க் எல்லாவற்றையும் ஒன்றாகப் பாருங்கள். புது கியருக்குப் பழைய ஸ்லீவ் போட்டது உங்கள் இரண்டாவது ரிப்பேரில் நடந்த தவறு. உருண்ட பல்லும் கூரான பல்லும் கோத்தால் உருண்டதுதான் ஜெயிக்கும். ஸ்லீவும் ஹப்பும் செட்டாக வருபவை, தனித்தனியாக வாங்காதீர்கள். இன்புட் ஷாஃப்டில் இருக்கிற டாக் பல்லை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். முனையில் நகம் மாட்டிக்கொண்டால் நல்லது, வழுக்கிக்கொண்டு போனால் அதுவும் போய்விட்டது. ஃபோர்க்குக்கும் ஸ்லீவ் பள்ளத்துக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விடுங்கள். 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் மாற்றச் சொல்கிற கையேடுகள் பல. கியர் முன்னும் பின்னும் நகர்கிற ஆட்டம் பல பெட்டிகளில் 0.1 முதல் 0.3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ரிங்கைக் கியரின் கூம்பில் அழுத்திப் பிடித்து, ரிங்குக்கும் டாக் பல்லுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அளந்தால், பல பெட்டிகளில் 0.5 முதல் 0.8 மி.மீ.க்குக் கீழே போனது கழிவு. உங்கள் மாடலுக்கு உரிய எண்ணைக் கையேட்டில் பார்த்து, அளந்ததை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அளந்து எழுதுகிற மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஃபோர்க் ஏன் தேய்கிறது என்பதில்தான் அந்த சைக்கிள் ட்யூப் வருகிறது. ஃபோர்க் நிற்கிறது, ஸ்லீவ் சுற்றுகிறது. கியர் விழுந்த பிறகு இரண்டும் லேசாகத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ட்யூப் கட்டினாலோ, லீவர் மேல் கையை வைத்தபடியே ஓட்டினாலோ, ஃபோர்க் சுற்றுகிற எஃகின் மேல் விடாமல் அழுந்தும். ஒரு லோடு இறங்கி முடிப்பதற்குள் நீலம் பாய்கிற அளவு சூடாகும். ராடில் இருக்கிற குண்டின் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்கித் தருவதும் இதே வகைதான். வெளியே வரத் துடிக்கிற ஸ்லீவை ஃபோர்க்கை வைத்துப் பிடித்து நிறுத்துகிற வேலை. ஃபோர்க் உடைந்தால் மலை நடுவில் எந்தக் கியரும் கிடைக்காது.

திரும்ப ஏற்றுவதில்தான் பாதிப் பழுது பிறக்கிறது. பெட்டியை இரண்டு பேர் தூக்கி, ஷாஃப்டை கிளட்ச் பிளேட்டில் செருகிவிட்டு, "போல்ட் எங்கே" என்று தேடுகிற அந்த ஒரு நிமிடத்தில் முழு எடையும் ஷாஃப்டின் மூக்கில் தொங்கும். பிளேட்டின் நடு வளையும், பைலட் பேரிங் நசுங்கும். ஜாக்கி வைத்துத் தாங்கியே ஏற்ற வேண்டும். இரண்டு நீள போல்ட்டின் தலையை அறுத்து, எதிரெதிர் மூலை ஓட்டைகளில் கையால் திருகி விட்டால் தண்டவாளம் மாதிரி பெட்டி அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். முகமும் முகமும் கையாலேயே ஒட்ட வேண்டும். ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்போது போல்டை இறுக்கி இழுத்து ஒட்டவைக்கிற ஆளைத் தடுத்து நிறுத்துங்கள். பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் சுண்ணாம்பில் கோடு போட்டு அதே நிலையில் மாட்டச் சொல்லுங்கள். கிராஸிலும் சென்டர் பேரிங்கிலும் ஆட்டம் இருந்தால் அந்த அதிர்வு வால் பேரிங்குக்குப் போகும்.

பழைய பெட்டி வாங்கி மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். ஆனால் டவல் இல்லாத இன்ஜினில் எந்தப் பெட்டியை மாட்டினாலும் அதற்கும் ஆறு மாதம்தான். கோணலைச் சரிசெய்த பிறகு, உங்கள் பெட்டியின் கேஸ் வெடித்திருந்தாலோ இன்புட், மெயின், லே ஷாஃப்ட் மூன்றும் போயிருந்தாலோ மட்டும் யோசியுங்கள். வாங்குவதானால் ஆயில் வடிக்காத பெட்டியாகக் கேளுங்கள், வடித்த பெட்டி தன் கதையைச் சொல்லாது. இன்புட் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், எல்லாக் கியரிலும் போட்டுக் கையால் சுற்றுங்கள். ஒரே மாதிரி வெளித்தோற்றம் இருந்தும் உள்ளே பல் எண்ணிக்கை மாறும். ஒவ்வொரு கியரிலும் இன்புட் எத்தனை சுற்று சுற்றினால் வால் ஒரு சுற்று வருகிறது என்று எண்ணி உங்கள் பெட்டியோடு ஒப்பிடுங்கள்.

வண்டியை விற்பது உங்கள் முடிவு. இன்ஜின் புகை இல்லாமல், சேசிஸ் துரு இல்லாமல் இருந்தால் நான் விற்க மாட்டேன். இந்தப் பழுதுக்கு முடிவு உண்டு.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு முதல் வாரம் தரையிலேயே, லேசான லோடில் ஓட்டுங்கள். 1,000 கிலோமீட்டரில் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள், முதல் வடிப்பில் புதுப் பற்களின் தூள் வரும். அதன் பின் மலைக்குப் போங்கள். முதல் இறக்கத்தில் லீவர் மேல் கை வைக்காமல், மூன்றாவதில், ஒரு நேர்த்துண்டில் காலை எடுத்துவிட்டு லீவரைக் கவனியுங்கள். நடுங்காமல் நிற்க வேண்டும். நடுங்கினால் அங்கேயே இரண்டாவதுக்கு மாறி, மெதுவாக இறங்கி வந்து, டயல் கேஜில் அளந்த எண்ணையும் டவல் ஓட்டையின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். அதிலிருந்து மேலே பார்க்கலாம்.